புலாவ் உபின் போறீங்களா, சைக்கிள் வேணாம், நடந்தே சுத்துங்க

ஊர்ல இருந்து சிங்கப்பூருக்கு யாராவது வந்தா மெரினா பே, செந்தோசா, முஸ்தபா, லிட்டில் இந்தியா கோயில்னு நாலு நாள் ஓடிடும், அஞ்சாவது நாள் எங்க கூட்டிட்டுப் போறதுன்னு தெரியாம மறுபடியும் ஏதாவது மாலுக்கே போவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். இப்ப யார் வந்தாலும் ஒரு நாளை புலாவ் உபினுக்குன்னு எடுத்து வச்சிடறேன். சிங்கப்பூருக்கு வடகிழக்குல, மலேசியாவோட ஜொகூருக்கும் நமக்கும் நடுவுல இருக்கிற சின்னத் தீவு, மொத்தமே பத்து சதுர கிலோமீட்டர் சொச்சம்தான், சாங்கியில படகு ஏறினா பத்து நிமிஷத்துல போய் இறங்கிடலாம். கிணறு, தகரக் கூரை வீடு, கோழி, காட்டுப்பன்னி, அலையாத்திக் காடு எல்லாம் அங்க இருக்கு. எங்க அம்மாவைக் கூட்டிட்டுப் போனப்ப ஜெட்டியில, அதாவது படகுத்துறையில இருந்து பத்து அடி நடந்ததுமே "இது நம்ம ஊர் மாதிரில்ல இருக்கு"ன்னாங்க.

முதல்ல தேதி. நிறைய பேர் சனி ஞாயிறு லீவு இருக்கான்னு மட்டும் பாத்துட்டுக் கிளம்பிடறாங்க. நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன், தீவோட கிழக்கு முனையில இருக்கிற செக் ஜாவாங்கற கடலோரச் சதுப்பு வரைக்கும் வேர்க்க விறுவிறுக்க நடந்து போய்ப் பாத்தா பலகைப் பாதைக்குக் கீழ முழுக்கத் தண்ணி, ஒரு நண்டு கூடக் கண்ணுல படல, அம்மா பாவம் "கடல்தானே இது"ன்னு கேட்டாங்க, எனக்கு ரொம்பச் சங்கடமாப் போச்சு. அதனால கடல் எப்ப வத்தும்னு பாத்துட்டுத் தான் நாள் குறிக்கணும். தினம் ரெண்டு தடவை ஏறும், ரெண்டு தடவை வத்தும், ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய அம்பது நிமிஷம் தள்ளித் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டின ஒண்ணு ரெண்டு நாள்ல தண்ணி ரொம்பவே உள்வாங்கும், அதனால வீட்டுல தினசரி கேலண்டர் இருந்தா அதுலயே பாதி வேலை முடிஞ்சிடும். ஆனா ஒண்ணு, சில மாசங்கள்ல அந்த நல்ல வத்தம் ராத்திரியிலயோ விடியக்காலையிலயோ வந்து தொலைக்கும், அது நமக்கு உதவாது. அதனால நெட்ல சிங்கப்பூர் டைட் டேபிள்னு போட்டுப் பகல் நேரத்துல அரை மீட்டரோ அதுக்குக் கம்மியாவோ காட்டுற நாளாப் பாருங்க. அந்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே செக் ஜாவாவுல நிக்கற மாதிரி உங்க நாளைப் பின்னாடி இருந்து கணக்குப் போட்டு வாங்க. கிளம்பறதுக்கு முந்தின நாள் என்பார்க்ஸ் (தேசியப் பூங்காக் கழகம்) வெப்சைட்டையும் ஒரு தடவை பாத்துடுங்க, மராமத்துக்காகச் சில பாதையை மூடி வைப்பாங்க.

சாங்கி போறது சுலபம். தானா மேரா எம்ஆர்டியில இறங்கி 2ஆம் நம்பர் பஸ், இல்ல தெம்பனீஸ்ல இருந்து 29, ரெண்டுமே சாங்கி வில்லேஜ்ல கொண்டு போய் விடும். அங்கிருந்து ஹாக்கர் சென்டரைத் தாண்டி ரெண்டு நிமிஷம் நடந்தா சாங்கி பாயிண்ட் ஃபெர்ரி டெர்மினல். காலையில சாப்பிடாம வந்திருந்தா இங்கயே வயித்தை நிரப்பிக்குங்க, இந்த ஹாக்கர் சென்டர்ல நாசி லெமாக் ரொம்பப் பேர் போனது. டெர்மினல்ல ஒரு விஷயம் கவனிங்க, இதே இடத்துல இருந்துதான் மலேசியாவுல இருக்கிற பெங்கெராங்குக்கும் படகு போகுது, அதுக்குப் பாஸ்போர்ட் எல்லாம் வேணும், அந்த லைன்ல போய் நின்னுடாதீங்க. உபின் சிங்கப்பூருக்குள்ளயே இருக்கிற தீவு, பாஸ்போர்ட் தேவையில்ல, டிக்கெட் கவுண்டரும் கிடையாது, டைம்டேபிளும் கிடையாது. பன்னெண்டு பேர் சேந்ததும் படகு கிளம்பும். நான் கடைசியாப் போனப்ப ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), படகுலயே ரொக்கமா வாங்கிப்பாங்க, சில்லறையா வச்சிருங்க. வார நாள்ல பன்னெண்டு பேர் சேரலேன்னா காத்திருக்கணும், இல்ல இருக்கிறவங்க எல்லாரும் சேந்து முழுப் படகுக்கும் காசைப் பங்கு போட்டுக் குடுத்துட்டுக் கிளம்பலாம். அதனால ஞாயித்துக்கிழமை கூட்டம்னு பயப்படாதீங்க, அன்னிக்குப் படகு சட்டுச் சட்டுன்னு போகும். மரப் படகு, டீசல் வாசம் கொஞ்சம் வரும், ஏறும்போதும் இறங்கும்போதும் படகு ஆடும், வயசானவங்க கையைப் பிடிச்சுக்கணும், கால் வைக்கற நேரத்தை அவசரப்படுத்தாதீங்க.

எடுத்துட்டுப் போக வேண்டியதுல தண்ணிதான் முதல்ல. ஆளுக்குக் குறைஞ்சது ஒன்றரை லிட்டர். தீவுல மெயின்லேண்ட் மாதிரி குழாய்த் தண்ணி கிடையாது, கரண்ட் லைனும் அங்கிருந்து வர்றது இல்ல, ஜெனரேட்டரும் சோலாரும் கிணறும்தான், அதனால பாட்டிலை எங்கயாவது ரொப்பிக்கலாம்னு கணக்குப் போடாதீங்க. கொசு மருந்து கட்டாயம், அதுவும் அலையாத்திப் பக்கம் கடிச்சுக் குதறிடும், முழுக்கை சட்டை போட்டா இன்னும் நல்லது. பழைய ஷூ, தொப்பி, குடை, ஒரு துண்டு. செருப்புல போனவங்களை நான் பாத்திருக்கேன், செம்மண்ணும் ஜல்லியும் கலந்த பாதை, சரிவுல சறுக்கும். ஃபோன்ல டேட்டா ரோமிங்கை ஆஃப் பண்ணிடுங்க, தீவோட கிழக்கு, வடக்குப் பக்கம் போனா ஃபோன் தானா மலேசியா டவரைப் பிடிச்சுக்கும், பில்லு வந்தப்புறம்தான் தெரியும்.

சாப்பாட்டைப் பத்தித் தனியா சொல்லணும். நம்ம ஆளுங்க புளிசாதம், தயிர் சாதம் கட்டாம எங்கயும் கிளம்ப மாட்டோம், கட்டிக்குங்க, சைவக்காரங்களுக்கு அதுதான் நல்லது, ஏன்னா ஜெட்டி பக்கத்துக் கடைங்கள்ல நண்டு, மீன், இறால்தான் விசேஷம். ஆனா பாலித்தீன் பையில வேணாம், டப்பாவுல போட்டு பேக்குக்குள்ள வச்சு ஜிப்பை மூடிடுங்க. பை சரசரன்னு சத்தம் கேட்டாலே சாப்பாடுன்னு குரங்குக்கும் பன்னிக்கும் தெரிஞ்சுபோச்சு, ஜனங்க போட்டுப் போட்டுப் பழக்கினது. நான் ஒரு தடவை வாழைப்பழப் பையைக் கையில ஆட்டிக்கிட்டுப் போய் ஒரு பெரிய பன்னி நேரா என்னைப் பாத்து நடந்து வந்துச்சு, நான் பையைப் போட்டுட்டுப் பின்வாங்கிட்டேன். அது தப்பு, போட்டா அது இன்னும் பழகிக்கும், அடுத்து வர்றவங்களுக்குத்தான் ஆபத்து. சாப்பாட்டைக் கண்ணுல காட்டவே காட்டாதீங்க. குட்டி கூட இருந்தா இன்னும் தள்ளி நில்லுங்க, செல்ஃபிக்குப் பக்கத்துல போகாதீங்க, ஓடவும் வேணாம், மெதுவா பின்னாடி நகந்தா போதும், அது பாட்டுக்குப் போயிடும். குரங்கைக் கண்ணுக்குக் கண்ணு முறைச்சுப் பாக்காதீங்க.

சரி, ஜெட்டியில இறங்கியாச்சு. இடது பக்கம் திரும்பினா சின்னக் கடைத்தெரு, வரிசையா சைக்கிள் வாடகைக் கடை, எல்லாரும் நேரா அங்கதான் போவாங்க. சைக்கிள் தப்புன்னு சொல்லல, எனக்கும் பிடிக்கும், ஆனா முதல் தடவை வர்றவங்களுக்கு நான் நடக்கத்தான் சொல்லுவேன். ஏத்தம் இறக்கமா வளைஞ்சு வளைஞ்சு போற ரோடு, சைக்கிள்ல போனா கண்ணு ரோட்டு மேலயும் பிரேக் மேலயும்தான் இருக்கும், பக்கத்து மரத்துல என்ன உக்காந்திருக்குன்னு தெரியாது. அதுவும் போக செக் ஜாவா பலகைப் பாதையில சைக்கிளை விட மாட்டாங்க, புவாக்கா குன்னு மேலயும் விட மாட்டாங்க, தீவுல பாக்கறதுக்கு முக்கியமான ரெண்டு இடத்துலயும் எப்படியும் இறங்கி நடக்கத்தான் போறீங்க. முட்டி வலி இருக்கிற பெரியவங்கன்னா ஜெட்டி பக்கத்துல வேன் டாக்சி இருக்கு, போகும்போது வேன்ல போயிட்டு அங்க மட்டும் நடக்கலாம், அதுல ஒண்ணும் தப்பில்ல.

நடக்கறவங்க கடைத்தெருவுல நேரத்தைப் போக்காம நேரா செக் ஜாவா போயிடுங்க, வெயில் ஏறறதுக்குள்ள. ஜெட்டியில இருந்து மூணு கிலோமீட்டருக்கு மேல, நிதானமா நடந்தா ஒரு மணி நேரம் வச்சுக்குங்க. வழியில அங்கங்க பலகை போட்டிருக்காங்க, தப்பிப் போறதுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மி. முதல்ல மரப்பலகைச் சுவரு, தகரக் கூரைன்னு வீடுங்க வரும், ஒரு காலத்துல இந்தத் தீவுல ஆயிரக்கணக்குல ஜனங்க இருந்தாங்க, இப்ப சில பத்துப் பேர்தான், அதுவும் பாதிக்கு மேல வயசானவங்க. வாசல்ல நின்னு எட்டிப் பாக்கறது, வீட்டுக்குள்ள ஃபோட்டோ எடுக்கறது எல்லாம் வேணாங்க, அவங்க வீடு அது. அதைத் தாண்டினதும் ரெண்டு பக்கமும் காடு மாதிரி தெரியும், ஆனா கொஞ்சம் உத்துப் பாத்தா பழைய தோட்டம்னு புரியும், ரப்பர் மரம், தென்னை, டுரியான், ரம்புத்தான் எல்லாம் மனுஷன் வச்சதுதான், ஆள் போனதும் காடு மேல படர்ந்துடுச்சு. டுரியான் சீசன்ல மரத்தடியில நிக்காதீங்க, தலையில விழுந்தா அவ்வளவுதான்.

காதைத் திறந்து வச்சுக்கிட்டு நடங்க. கூப்பிட்டுச் சிரிக்கற மாதிரி கரகரன்னு சத்தம் மேல இருந்து வந்தா அது இருவாச்சி. கருப்பும் வெள்ளையும், அலகு மேல இன்னொரு அலகு வச்ச மாதிரி. வால்பாறைக்குப் போய் நாள் கணக்குல காத்திருந்து பாக்கற இருவாச்சியோட சொந்தக்கார இனம், அதைவிடச் சின்னது. இந்த இனம் சிங்கப்பூர்ல 1800கள்லயே இல்லாமப் போயிடுச்சு, அப்புறம் 1994ல ஒரு ஜோடியை உபின்லதான் மறுபடி பாத்தாங்க. பெரிய மரங்களை வெட்டிட்டதால பொந்து கிடைக்காம தவிச்சதுங்களுக்கு மரத்துல கூட்டுப் பெட்டி செஞ்சு மாட்டி விட்டாங்க, இப்ப மெயின்லேண்ட்ல அபார்ட்மெண்ட் பால்கனிக்கே வந்து உக்காருது. பொட்டை பொந்துக்குள்ள போய் வாசலை அடைச்சுக்கிட்டு முட்டை மேல உக்காரும், ஆண் ஒரு கீத்து மாதிரி விட்ட ஓட்டை வழியா பழம் கொண்டாந்து ஊட்டும். ஒரு பறவைக்காகத்தான் நடந்து போகணும்னா எனக்கு இது ஒண்ணே போதும்.

செக் ஜாவா வாசல்ல சைக்கிள் நிறுத்தற இடம் இருக்கும், பன்னிங்க அங்கதான் சுத்திக்கிட்டு இருக்கும், கவனம். உள்ள போனதும் முதல்ல வர்றது ஹவுஸ் நம்பர் 1னு ஒரு பழைய பங்களா, 1930கள்ல கட்டினது, இங்கிலீஷ்காரங்க டியூடர் ஸ்டைல்ல. பூமத்திய ரேகைகிட்ட, இவ்வளவு புழுக்கத்துல, அந்த வீட்டுக்குள்ள குளிர் காயறதுக்கு ஒரு கணப்பு அடுப்பு இருக்கு பாருங்க, புகைக்கூண்டோட. வீட்டுக்குப் பின்னாடி கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு ஒரு சின்ன ஜெட்டி, அதுல நின்னு கரையைத் திரும்பிப் பாருங்க, காத்து நல்லா வரும், பத்து நிமிஷம் மூச்சு வாங்கிக்கலாம்.

அதுக்கப்புறம் பலகைப் பாதை, மொத்தம் 1.1 கிலோமீட்டர், கடலோரமா 600 மீட்டர், அலையாத்திக்குள்ள 500 மீட்டர். நான் எப்பவும் கடலோரத்தை முதல்ல முடிச்சுட்டு அலையாத்திக்குள்ள வருவேன், வெயில்ல நடந்துட்டு நிழலுக்கு வர்றது சுகம். மணல் கரை, பாறைக் கரை, கடல்புல், பவளச் சிதறல், அலையாத்தி, கடலோரக் காடுன்னு ஆறு விதமான நிலம் இந்த ஒரே இடத்துல ஒண்ணோட ஒண்ணு சேருது. கடல் வத்தின நேரமா இருந்தா பச்சைப் பசேல்னு புல்வெளி மாதிரி தெரியறதுதான் கடல்புல். கீழ இறங்கி மிதிக்கக் கூடாது, கைடு கூட்டிட்டுப் போற டூர்ல மட்டும்தான் இறங்க விடுவாங்க, பலகை மேல நின்னே பாருங்க.

அலையாத்திப் பாதையில ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்துக்கிட்டு அசையாம உக்காந்துடுங்க, அஞ்சு நிமிஷம். நாம நடந்து வர்ற அதிர்வுக்கு எல்லாம் வளைக்குள்ள போயிருக்கும், அதனால முதல்ல வெறும் சேறும் ஓட்டையும்தான் தெரியும். அப்புறம் ஒரு ஓட்டையில இருந்து ரெண்டு கண்ணு குச்சி மாதிரி எட்டிப் பாக்கும். அடுத்து ஒண்ணு. மெதுவா வெளிய வரும், சுண்டுவிரல் நகம் அளவுதான் சிலது, ஆனா ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பு அளவுக்குப் பெருசு. அதைத் தூக்கித் தூக்கி இறக்கும், யாரையோ வா வான்னு கையாட்டிக் கூப்பிடற மாதிரியே இருக்கும், பொட்டையைக் கூப்பிடத்தான் அது. பெரிய கொடுக்கால சாப்பிட முடியாது, சின்னக் கொடுக்காலதான் சேத்தைக் கிள்ளிக் கிள்ளி வாயில வைக்கும், அதுல இருக்கிற சத்தை எடுத்துக்கிட்டு மீதியைக் குட்டி உருண்டையா உருட்டி வச்சுட்டு அடுத்த வாய்க்குப் போகும். பொட்டைக்கு ரெண்டு கொடுக்கும் சின்னது, ரெண்டு கையாலயும் சாப்பிடும். அம்மா முட்டியைக் கட்டிக்கிட்டு உக்காந்து அரைமணி நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்தாங்க, "இந்த ஆம்பளை நண்டு ஒரு கையாலதான் சாப்பிடணும், பாவம்"னாங்க. பக்கத்துலயே சேத்து மேல தத்தித் தத்திப் போற மீன், மட்ஸ்கிப்பர்னு சொல்றது, அதையும் தேடுங்க. தண்ணிக்கு வெளிய தோல் வழியாவும் மூச்சு விடும், தோல் ஈரமா இருந்தாத்தான் அது முடியும், அதனால அப்பப்ப புரண்டு உடம்பை நனைச்சுக்கும். எங்க ஊர் சீர்காழி பக்கம், பிச்சாவரம் பாத்து வளந்தவங்க நாங்க, முட்டுக் குடுத்த மாதிரி வேர் விட்ட சுரபுன்னை வகை மரத்தையும் சேத்துல இருந்து ஆணி ஆணியா மேல நிக்கற மூச்சு வேரையும் பாத்ததும் அம்மா எனக்கே விளக்கம் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. பக்கத்துல ஜெஜாவி டவர்னு 20 மீட்டர் உசரக் கோபுரம் இருக்கு, ஏறினா மரத்தோட உச்சிக்கு நேரா நிக்கலாம், அங்க இருந்து இருவாச்சி கண்ணுக்கு நேரா பறக்கும்.

இந்த இடம் இன்னிக்கு இருக்கிறதே பெரிய விஷயங்க. 2001ல இதை மண்ணு கொட்டி மேடாக்கறதா இருந்துச்சு. விஷயம் தெரிஞ்சு இயற்கை ஆர்வலருங்க, வாலண்டியருங்க, ஸ்கூல் பசங்க, சாதாரணக் குடும்பங்கன்னு கூட்டம் கூட்டமா வந்து பாத்தாங்க, என்ன என்ன உயிர் இருக்குன்னு பட்டியல் எடுத்தாங்க, அரசாங்கத்துக்கு எழுதினாங்க. அந்த டிசம்பர்ல திட்டத்தை நிறுத்தி வச்சாங்க. பலகைப் பாதை 2007ல திறந்தது. அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான், 2006 கடைசியில ஜொகூர்ல பெஞ்ச பெருமழையில ஆத்து நல்லதண்ணி கடலுக்குள்ள அள்ளிக்கிட்டு வந்து இங்க நிறைய உயிருங்க செத்துப்போச்சு, உப்புக் குறைஞ்சா தாங்க முடியாத ஜீவனுங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மீண்டு வந்ததைத்தான் நாம இப்ப பாக்கறோம். அதனால ஒரு சிப்பி, ஒரு கிளிஞ்சல் கூட எடுத்துட்டு வராதீங்க, குழந்தைங்ககிட்ட முன்னாடியே சொல்லி வச்சிருங்க.

திரும்பி வரும்போது கால்ல தெம்பு இருந்தா மட்டும் மேற்குப் பக்கம் போங்க, இல்லேன்னா அதை இன்னொரு நாளைக்கு வச்சுக்கலாம், ஒரே நாள்ல ரெண்டு பக்கமும் முடிக்கணும்னு அம்மா அப்பாவை இழுத்தடிக்காதீங்க. கடைத்தெருவுல இருந்து கொஞ்ச தூரம் நடந்தாலே பெக்கான் குவாரி, தண்ணி நிறைஞ்சு பச்சையா ஏரி மாதிரி இருக்கும், நாரைங்க கூடு கட்டியிருக்கும். அழகா இருக்கேன்னு இயற்கையான ஏரின்னு நினைச்சுடாதீங்க, கல்லு வெட்டின பள்ளம்தான் அது. இந்தத் தீவே கருங்கல் தீவு, 1851ல விளக்கேத்தின ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும், கடலைத் தாண்டி ஜொகூர் போற காஸ்வே ரோட்டுக்கும் கல்லு இங்க இருந்துதான் போச்சு, 1999 வரைக்கும் வெட்டினாங்க. இப்ப வேலி போட்டிருக்கு, தண்ணி ரொம்ப ஆழம், யாராவது வேலி தாண்டிக் குளிக்கப் போனா கூடப் போகாதீங்க. இன்னும் மேற்க புவாக்கா குன்னு, 75 மீட்டர் கிட்டதான் உசரம், மேல இருந்து உபின் குவாரியைப் பாக்கலாம். கெத்தாம் பக்கம் ஜெர்மன் பொண்ணு கோயில்னு ஒரு சின்ன மஞ்சள் குடிசை இருக்கு, முதல் உலகப் போர் ஆரம்பிச்சப்ப பிரிட்டிஷ்காரங்களுக்குப் பயந்து ஓடி பள்ளத்துல விழுந்து செத்த பொண்ணுன்னு சொல்லுவாங்க, இன்னிக்கும் ஜனங்க சென்ட்டு, பவுடர், கண்ணாடி எல்லாம் வச்சுக் கும்பிடறாங்க. உள்ள சாமியா இருக்கறது ஒரு பார்பி பொம்மை. போனா செருப்பைக் கழட்டிட்டுக் கும்பிட்டுட்டு வாங்க.

மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல வானத்தைப் பாத்துக்கிட்டே இருங்க. இங்க மழை சொல்லிட்டு வராது, இடியோட வரும். இடி சத்தம் கேட்டா பலகைப் பாதை, கோபுரம், குன்னு மூணுலயும் நிக்கக் கூடாது, வழியில அங்கங்க கூரை போட்ட ஷெல்டர் இருக்கு, அதுல உக்காந்துடுங்க, அரை மணி முக்கால் மணியில விட்டுடும். நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் மழை கூடுதலா இருக்கும்.

ஜெட்டிக்கு அஞ்சு மணிக்குள்ள வந்துடுங்க. இருட்டினதும் படகு ரொம்பக் கம்மி ஆயிடும், ஏழு மணிக்கே இருட்டிடும், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் லைனும் நீளமா இருக்கும். டப்பா சாப்பாட்டுல மீதி இருந்தா இங்க உக்காந்து முடிச்சுடுங்க, கடைத்தெருவுல ஒரு இளநீர் வாங்கிக் குடிங்க, வெயில்ல நடந்த உடம்புக்கு அமிர்தமா இருக்கும். படகுல வலது பக்கமா உக்காந்தாலும் சரி இடது பக்கமா உக்காந்தாலும் சரி, சாங்கி ஏர்போர்ட்டுக்குப் போற வர்ற பிளேனுங்க தலைக்கு மேல தெரியும். அம்மா அதைப் பாக்கவே இல்ல, திரும்பித் தீவையே பாத்துக்கிட்டு வந்தாங்க, இறங்கினதும் அடுத்த அமாவாசை எப்பன்னு கேட்டாங்க. ஷூவுல ஒட்டின செம்மண்ணை டெர்மினல் வாசல்லயே தட்டிட்டு பஸ் ஏறுங்க.